பெரியம்மாவின் நாரிக்கு ஒரு குதிரை

நம்மில் எத்தனை பேர் குதிரையின் முதுகில் நித்திரை கொண்டிருக்கிறோம்? சிரிக்க வேண்டாம். வன்னியில் வளர்ந்த என் வயதுக்காரர்களே, நீங்கள் மாட்டு வண்டிலில் நித்திரை கொண்டிருப்பீர்கள், நெல்லுச் சாக்கின் மேல், காவல் பரணில், கணக்குப் பாடத்தின் நடுவில்கூடக் கொண்டிருப்பீர்கள். நான் குதிரையில் கொண்டேன். ஒரு பகலில், கடற்கரையில், மிஞ்சிப் போனால் ஒரு தேவாரம் பாடி முடிக்கிற நேரம். அந்தச் சின்ன நித்திரை ஒரு பெண்ணைப் பழைய அறை ஒன்றுக்குள் திரும்பிப் போகவிடாமல் தடுத்தது. இதை யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. சொல்லாதவரைக்கும் அது எனக்குள் கட்டையில் கட்டிய விலங்குபோலக் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறது.

குளத்தின் கீழே அரசாங்கம் காணி கொடுத்த புதிதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களில் நாங்களும் ஒன்று. மல்லாவிக்கு அப்பால் காட்டை வெட்டி, வாய்க்கால் இழுத்து, குடியேற்றப் பகுதிகளாக, யூனிற் யூனிற்றாகப் பிரித்த மண். எரித்த வேர்கள் நிலத்துக்கடியில் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. வெறுங்காலோடு நடந்தால் சில இடங்களில் மண் சுடும். வீட்டுச் சுவர்கள் ஈரம். வேப்பங்கன்றுகள் என் இடுப்பு உயரம். எங்கும் நிழல் இல்லை, எல்லாவற்றுக்கும் வெளிச்சம். பெரியவர்கள் பின்னேரங்களில் விட்டு வந்த ஊரின் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கதைப்பார்கள். எனக்கு அந்தக் கதை விளங்காது. வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த அன்று, தண்ணீருக்கு முன்னால் ஓடிவந்த சருகுகளின் சரசரப்புத்தான் எனக்கு ஊர்.

பெரியம்மா, அம்மாவின் தமக்கை, எங்களோடு இருந்தார். அந்த யூனிற்றுகளுக்கெல்லாம் அவர்தான் அரசாங்க மருத்துவிச்சி. வெள்ளைச் சேலை, கறுப்புத் தோற்பை, பெண்கள் ஓடும் சைக்கிள். கணவன் இறந்தபின் தமையன் வீட்டில், குசினிக்குப் பின்னாலிருந்த அறையில், தமையனின் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்துக்கொண்டு இருந்தவர். படித்து, சோதனை பாஸ் பண்ணி, அந்த அறையைவிட்டு வெளியேறியவர். அதைப் பற்றி அவர் வாய் திறந்ததை ஒரேயொரு தடவைதான் கேட்டிருக்கிறேன். "ஆரும் அடிக்கேல்லை, பேசேல்லை. சாப்பாடும் நேரத்துக்கு வந்தது. ஆனால் என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை, தெரியுமோ," என்று அம்மாவிடம் சொன்னார். இங்கே எல்லோரும் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வேலிக்கு அப்பால் நின்று, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று, "மருத்துவிச்சியம்மா, மருத்துவிச்சியம்மா" என்று.

அந்த ஆவணியில் பெரியம்மா சைக்கிளோடு அணைக்கட்டிலிருந்து விழுந்தார். எருமை மிதித்து இறுகிய பள்ளத்தில் முன்சில்லு மாட்டிக்கொண்டது. கைகால் முறியவில்லை, நாரிதான், இடுப்போடு சேர்ந்த முதுகுதான், போனது. மெல்ல நடக்கலாம், கிட்ட உள்ள வீடுகளுக்குப் போகலாம். வண்டிலில் ஏறினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கீழுதடு பற்களுக்குள் போய்விடும். பரியாரியார் எண்ணெய் தந்தார், பத்துப் போட்டார். எண்ணெய்தான் முடிந்தது.

பெரிய டொக்டர் ஜீப்பில் வந்தார். கதிரை போட்டோம், இருக்கவில்லை. "மாரி துவங்க முன்னம் எல்லா யூனிற்றுக்கும் போய்வர ஒரு வழி பாருங்கோ. இல்லாட்டி நான் உங்களை வேலையிலை வைச்சிருக்கேலாது. எனக்கும் மேலை ஆக்கள் இருக்கினம்," என்றார். கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது எங்கள் வேப்பங்கன்றுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

செய்தி எப்படியோ யாழ்ப்பாணம் போனது. பெரிய மாமா, அந்தத் தமையன், ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: மாரி துவங்கினதும் தானே வந்து கூட்டிக்கொண்டு போவாராம். அறையைத் துப்புரவாக்கி வைத்தாயிற்றாம். பெரியம்மா அப்போது பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். முறிக்கும் சத்தம் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். ஒரு காயை இரண்டு கையாலும் பிடித்தபடி, முறிக்காமல், அப்படியே இருந்தார்.

குதிரை வாங்கும் எண்ணம் அப்பாவுடையது. மாங்குளம் சந்திக்கு விதைநெல் எடுக்கப் போனவர், முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு சுமந்துவந்த மட்டக் குதிரை ஒன்றைக் கண்டுவிட்டு வந்தார். சேற்றிலும் மணலிலும் லொறி புதையும் இடத்தில் அது போகிறதாம். நெடுந்தீவு வழி வந்த சாதியாம். வைத்திருப்பவர்கள் விற்கவும் விற்பார்களாம்.

"விசரே உங்களுக்கு? அக்கா குதிரையிலை போறதோ? சனம் என்ன சொல்லும்?" என்றாள் அம்மா.

"சனம் பிள்ளை பெற வேணுமெண்டால் வாயை மூடிக்கொண்டிருக்கும்," என்றார் பெரியம்மா. விழுந்த பிறகு அவர் சொன்ன முதல் பகிடி அது.

அப்பாவோடு நானும் பஸ் ஏறினேன். பள்ளிக்கூடம் விடுமுறை, வீட்டில் விட்டால் வாய் ஓயமாட்டேன் என்பது அம்மாவின் முறைப்பாடு. அப்பாவின் மடியில் புதுத் தும்புக் கயிறு. விலங்கு விற்பவன் கயிற்றைக் கொடுக்கமாட்டான். கயிற்றோடு வீட்டுச் சீதேவியும் போய்விடும் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். வாங்குபவன்தான் கயிறு கொண்டுபோக வேண்டும். ஒட்டுசுட்டான் தாண்டியதும் காற்றின் ருசி மாறியது. நாக்கில் உப்பு. பிறகு கடல். நான் முதல்முறை கண்ட கடல். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் குதிரை கிடைக்காமல் போய்விடும், விடுகிறேன்.

குதிரைக்காரர் ஒரு சம்மாட்டியார். வள்ளமும் கரைவலையும் சொந்தமாக வைத்திருந்தவர். குதிரைகளைப் பார்த்துக்கொண்டது அவருடைய மனைவி. கழுத்தில் செபமாலை, கையில் மீன்செதில், ஊருக்கே கேட்கும் குரல். இரண்டு குதிரைகள் தென்னையில் கட்டியிருந்தன. ஒன்று செம்மண் நிறம், நிமிர்ந்த கழுத்து, பிடரி மயிர் நெற்றியில் விழும். மற்றது சாம்பலும் சேறும் கலந்த நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை. அடுப்பங்கரைப் பூனைபோல நின்றது.

நண்பர்களே, என் அப்பா மாடு பார்ப்பதில் பெயர் எடுத்தவர். பழைய ஊரில் அவர் கை வைத்துச் சொல்லாமல் ஒருவரும் எருது வாங்கமாட்டார்கள். குதிரையை அவர் தன் வாழ்நாளில் கிட்ட நின்று பார்த்ததில்லை. அதனால் என்ன? சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு செம்மண் குதிரையை நெருங்கி, அதன் சொண்டைத் தூக்கினார். ஒரு எட்டுப் பின்னால் வந்தார். என் காதருகில் குனிந்து, "பிள்ளை, இதுக்கு மேல்வாயிலும் பல்லு!" என்றார். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை. பிறகு சுழி பார்த்தார், நெற்றியில், நெஞ்சில், திமில் இருக்க வேண்டிய இடத்தில். அங்கே திமில் இல்லாதது அவருக்கு ஒரு குறையாகவே பட்டது. இரண்டு முறை அமத்திப் பார்த்தார். கடைசியில் பின்னால் போய், எருதின் உசாரைப் பார்க்கிற மாதிரி, வாலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார்.

"அண்ணை, அது மாடில்லை!" சம்மாட்டியாரின் மனைவி கத்தி முடிக்க முன், அப்பா வலைக் குவியலுக்குள் இருந்தார்.

வள்ளத்தடியில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மயிரில் ஒட்டிய பாசியைத் தட்டியபடி எழும்பினார். முகத்தில் வலி இல்லை, பரவசம். "உசார் இருக்கு," என்றார்.

சாம்பல் குதிரையின் வாலையும் முறுக்கினார், இம்முறை ஒருபக்கமாக நின்று. அது கழுத்தைத் திருப்பி, இவர் யார் என்று பார்த்துவிட்டு மறுபடி மணலைப் பார்த்தது. "உசாரில்லை," என்றார். அதை நடத்திப் பார்த்தபோது முகம் இன்னும் கறுத்தது. "என்ன இது? ஒரு பக்கத்துக் கால் ரெண்டும் ஒண்டாப் போகுது. பேந்து மற்றப் பக்கத்துக் கால் ரெண்டும். உள்ளுக்கை நரம்பு பிழை."

"ஓம் அண்ணை, உது உப்பிடித்தான் பிறந்தது," என்றார் சம்மாட்டியாரின் மனைவி, ஒளிக்காமல். "திருத்திப் பாப்பம் எண்டு காலுக்குக் கயிறும் போட்டுப் பாத்தம். சரி வரேல்லை. கோணல் எண்டுதான் கூப்பிடுறனாங்கள். சுமக்கும், கடிக்காது. வடிவு வேணுமெண்டால் சிவப்பனைக் கொண்டு போங்கோ."

பேரம் தொடங்கியது. அப்பா எங்கள் தரகர் வழக்கப்படி கையைச் சால்வைக்குள் மறைத்து நீட்டினார். விரலைத் தொட்டு விலை பேசுவதற்கு. கூவி ஏலம் விட்டே பழகிய சம்மாட்டியார் அந்தச் சால்வையைச் சந்தேகமாகப் பார்த்தார். "உள்ளுக்கை என்ன அண்ணை, நண்டோ?"

அவர்கள் அப்படிப் பேரம் பேசிக்கொண்டிருக்க, அந்த வீட்டுப் பெண் ஒருத்தி, என் வயதுதான், கோணலை அவிழ்த்தாள். கரையோர வாடிக் கொட்டிலில் காய்ந்த கருவாட்டை எடுத்து வர வேண்டுமாம். "ஏறு," என்றாள். ஏறினேன். அவள் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள், பிறகு ஓடினாள், குதிரையும் வேகம் பிடித்தது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்: ஒன்றும் நடக்கவில்லை. கீழே மணல் ஓடியது, பக்கத்தில் நுரை ஓடியது, நான் மட்டும் ஓடாமல் இருந்தேன். ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து, ஏணைத் தொட்டிலில் கிடப்பதுபோல. திரும்பி வரும்போது இரண்டு கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில், வெயிலில், அந்த நாற்றத்தில், நித்திரையாகிவிட்டேன். "விழப்போறாய் பேய்ப்பெட்டை!" என்று அவள் தொடையில் கிள்ளித்தான் எழுப்பினாள்.

"அப்பா, இது குலுக்கேல்லை. நான் நித்திரையாப் போனன்," என்றேன்.

"நீ எங்கைதான் நித்திரை கொள்ளேல்லை?" என்றார் அப்பா. புதுக் கயிறு அப்போது சிவப்பனின் கழுத்தில் ஏறியாயிற்று.

சிவப்பனை அவர் நடத்திக்கொண்டு வந்து சேர்ந்தபோது யூனிற் முழுவதும் வேலியில் நின்றது. அந்த ஊருக்குள் முதல் தடவையாக ஓர் அழகு நடந்து வந்தது. அப்பா வீட்டுத் தலையணைகளை உடைத்து, இலவம் பஞ்சைச் சாக்குக்குள் அடைத்து, குறுக்கும் மறுக்கும் தைத்து ஓர் இருக்கை செய்திருந்தார். பல நாள் நாங்கள் எல்லாரும் கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தோம். அந்தச் சாக்கு மெத்தை இப்போது எங்கே, எந்த மண்ணுக்குள் என்று தெரியாது. அதன் ஊசித் தையல்கள் என் விரல் நுனியில் இருக்கின்றன.

பெரியம்மா உரலில் ஏறி, சிவப்பன் மேல் ஒருபக்கமாக அமர்ந்தார். அது தலையை உயர்த்திக் கால் எடுத்து வைத்தது. பார்க்கக் கண் கொள்ளாது. ஒவ்வொரு அடியிலும் பெரியம்மா ஒரு சாண் எழும்பி ஒரு சாண் விழுந்தார். வாய்க்கால் முடக்குவரை போனார், திரும்பினார், இறங்கினார், யாரையும் பார்க்காமல் உள்ளே போய்ப் படுத்தார். அந்தக் கிழமை எழும்பவே இல்லை. கிழக்கே முதல் மேகம் கட்டியது. அம்மா பெரியம்மாவின் பெட்டியை வெளியே எடுத்துத் தூசு தட்டினாள். தட்டிவிட்டு, ஏன் தட்டினேன் என்று தானே அழுதாள். அப்பா சிவப்பனுக்குப் புல் போடுவதும், பெரியம்மாவின் கதவடியில் நிற்பதும், போவதுமாக இருந்தார்.

எண்ணெய் தேய்க்கப் போன என்னைப் பெரியம்மா கேட்டார். "மற்றது எப்பிடியடி இருந்தது? நீ ஏறினதெண்டியே."

"எனக்கு நித்திரை வந்தது, பெரியம்மா."

"ஓடேக்கையோ? நடக்கேக்கையோ?"

"ஓடேக்கையே நல்லா இருந்தது. திரும்பி வரேக்கைதான் நித்திரை."

அவர் கவிழ்ந்து கிடந்தவர், மெல்ல முகத்தைத் திருப்பினார். என்னை ஒரு பெரிய மனிசியிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "நாரியிலை ஒண்டும் இடிக்கேல்லையோ?"

"இல்லை. ஏணை மாதிரி."

அப்பா கதவுக்கு வெளியே நின்று, "அது நொண்டி," என்றார்.

"நானும் அதுதானே," என்றார் பெரியம்மா.

சிவப்பனைக் கொடுத்துக் கோணலை மாற்றி எடுக்க, அப்பா அதனோடு எங்களுக்கு ஒரு நாள் முந்தியே கடற்கரைக்கு நடந்தார். பெரியம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். இருந்தால் குலுக்கல் நாரியில் இறங்கும் என்று வழி முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். ஒருவர் எழும்பி இடம் கொடுத்தார். "இருங்கோ தம்பி, எனக்கு நிண்டால்தான் சுகம்," என்று சிரித்தார். அவர் நெற்றி வேர்வையில் பொட்டுப் பொட்டாக மினுங்கியது.

கடற்கரையில் கவிழ்த்துப்போட்ட வள்ளம் ஒன்றில் காலை வைத்துக் கோணல் மேல் ஏறினார். ஒரு கையில் கயிறு. மறு கை முதுகுக்குப் பின்னால் நாரியைத் தாங்கியபடி. முதலில் நடை. பிறகு குதியால் ஒரு தட்டு. சாம்பல் குதிரை அந்த இரண்டு இடக் கால்களையும் சேர்த்து வீசி, இரண்டு வலக் கால்களையும் சேர்த்து வீசி, துடுப்புப் போட்ட வள்ளம்போல ஈர மணலில் வழுக்கிப் போனது. தூரத்தில் வெள்ளைச் சேலை சின்னதாகி, நின்று, திரும்பியது. திரும்பி வரும்போது இரண்டு கைகளும் முன்னால் இருந்தன.

பெரியம்மா இறங்கவில்லை. குதிரையின் கழுத்தில் கையை வைத்தபடி, "எண்ட அம்மாளாச்சி," என்று மட்டும் சொன்னார்.

"மாதாவே," என்றார் சம்மாட்டியாரின் மனைவி. "உதையோ நாங்கள் திருத்த நிண்டனாங்கள்!"

சிவப்பனைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், ஒரு மறுப்பில்லாமல். அதன் விலை கூட, இதன் விலை குறைய. "மிச்சத்துக்குக் கருவாடு தாறன்," என்றார் அந்த மனைவி. அப்பா, "நாங்கள் சைவம்," என்றார். "அப்ப உப்புத் தாறன்." உப்பு மூட்டைகள் பஸ்ஸின் மேல் ஏறின. அந்த உப்பில் அம்மா போட்ட ஊறுகாய்களை நினைத்தால் இப்போதும் என் தாடை கூசுகிறது. விடைபெறும்போது அந்த மனைவி பெரியம்மாவின் நாரியில் தன் செதில் கையை வைத்து, ஏதோ செபம் சொன்னார். எங்கள் வீட்டுக்கு அவர் ஒருநாளும் வரவில்லை, நாங்களும் பிறகு அங்கே போகவில்லை. அந்தக் கைக்கு நான் இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்குமோ தெரியாது.

கோணல் எங்கள் வீட்டுக்கு மீன் நாற்றத்தோடு வந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன்னம் அம்மா அதைச் சீயாக்காய் போட்டு முழுக வார்த்தாள். அப்பா அதனோடு பேசவில்லை. "உங்கடை மீன்காரி" என்பார். ஆனால் வாய்க்கால் கரை முழுக்கக் கட்டைகளையும் முள்ளையும் அவர் வெட்டித் துப்புரவாக்கியதைக் கண்டேன், ஒவ்வொரு யூனிற்றுக்கும் ஒரு குதிரை போகிற அகலத்துக்கு.

அவரை நினைத்து வெகுகாலம் சிரித்திருக்கிறேன். திமில் தேடிய கை, வால் முறுக்கிய கை. அவர் போன பின்புதான் அம்மா சொன்னாள். சிவப்பனின் நெற்றியில் அவர் கண்ட சுழி, ஏறுபவருக்கு நீண்ட ஆயுள் என்று எங்கள் ஆட்கள் சொல்லும் சுழியாம். அதைக் கண்டபின் வேறெதையும் பார்க்க அவருக்கு மனம் வரவில்லையாம். மச்சாளுக்கு ஊர் எழும்பிப் பார்க்கிற ஒன்றைக் கொடுக்க நினைத்திருக்கிறார். தப்புத்தான். இதைவிட அன்பான தப்பை நான் பிறகு யாரிடமும் காணவில்லை.

மாரி பிடித்தது. வானம் இறங்கி வயலில் இருந்தது. மழையின் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சாக்கைத் தலையில் போட்டபடி ஒரு மனிதன் ஓடி வந்தான். கடைசி யூனிற்றில் மனைவிக்கு வலி. பெரியம்மா தோற்பையை எடுத்தார். அப்பா மெத்தையை இறுக்கினார். சாம்பல் குதிரை சேற்றுக்குள் கால் வைத்து, மழைக்குள் கரைந்து போனது.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் பெரிய மாமா வந்து சேர்ந்தார். மாங்குளத்தில் ரயில் இறங்கி, வண்டில் பிடித்து, வண்டில் புதைந்து, மிச்சத்தை நடந்து. தோள்வரை சேறு. துவாயால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எங்கை அவள்?"

"பிள்ளைப்பேறு பாக்கப் போட்டா, மச்சான்," என்றார் அப்பா.

"இந்த மழையிலையோ? நாரியோடையோ? உங்களுக்கெல்லாம் மண்டை பிழையே?"

அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். மாமா கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபக்காரர் என்று அவருக்குப் பயப்படுவேன். அன்று அவர் கை கதிரைச் சட்டத்தைப் பிடித்திருந்த விதத்தைக் கண்டேன். அவரும் பயந்துதான் இருந்தார். தங்கச்சியை அறைக்குள் வைத்திருந்தால் ஒன்றும் நடவாது என்று நம்பிய மனிதர்.

பின்னேரம் மழை வெளுத்தபோது பெரியம்மா வந்தார். சேலை முழங்கால்வரை மண். உரல்வரை போகவில்லை, நேரே குதிரையிலிருந்து நிலத்துக்கு இறங்கினார். தமையனைக் கண்டு, "எப்ப அண்ணை வந்தனீங்கள்? பெட்டைப் பிள்ளை. தலைமயிர் இவ்வளவு," என்று விரல்களை விரித்து ஒரு சாண் காட்டினார். குனிந்து கால் கழுவினார், நிமிர்ந்தார். கை எதையும் பிடிக்கவில்லை. மாமா அதைப் பார்த்தார். பெரியம்மா குசினிக்குள் போய் நின்றபடியே சோறு தின்றார். இன்னும் கொஞ்சம் கேட்டார். மாமா அதையும் பார்த்தார்.

பெட்டி சுவரோரம் இருந்தது. அதைப் பற்றி மாமா கேட்கவே இல்லை. விளக்கு ஏற்றும் நேரம் தொண்டையைச் செருமி, "அப்ப நான் நாளைக்குக் காலமை வெளிக்கிடுறன்," என்றார்.

"காலமை நான் நிக்கமாட்டன் அண்ணை. இண்டைக்குப் பிறந்ததைப் போய்ப் பாக்க வேணும், அங்காலை இன்னும் ரெண்டு பேர் பாத்துக்கொண்டிருப்பினம்," என்றார் பெரியம்மா. "மத்தியானம் வந்திடுவன். உங்களுக்கு அவசரமோ?"

பெரிய மாமா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"இல்லை, இல்லை. நீ வேலையை முடிச்சிட்டு வா," என்றார். அடுத்த நாள் மத்தியானம்வரை, சட்டை போட்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் எங்கள் வாசலில் தங்கச்சிக்காகக் காத்திருந்தார்.